கும்மாயத் தட்டும் குவார்ட்ஸ் வில்லையும்: மெல்லிய பாலிமர் படலத்தின் விறைப்பை அளப்பது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், எனாமல் தூக்குகளுக்கும் பித்தளை அண்டாக்களுக்கும் இடையே பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பாத்திரங்கள் கண்ணில் படும். மூங்கிலைப் பின்னி, அதன்மேல் ஒரு மரத்தின் பாலைத் திரும்பத் திரும்பப் பூசிச் செய்தவை. அந்தப் பாலுக்குப் பர்மியர் சொல்லும் பெயர் தித்சி. அது வெயிலில் வைத்தால் சரியாக இறுகாது. ஈரம் நிறைந்த நிலவறையில்தான் இறுகும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் பாலிலேயே இருக்கும் ஒரு நொதியும் சேர்ந்து, சிறு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துப் பெரிய வலையாக்கிவிடுகின்றன. அந்த வலை ஒரு பாலிமர். பிளாஸ்டிக் தொழிற்சாலை என்ற ஒன்று தோன்றுவதற்கு மிக முன்பே, கொண்டு விற்கச் சென்ற செட்டியார்களோடு கப்பலேறிச் செட்டிநாட்டுக்கு வந்த பாலிமர்.

தேக்கு நிலைக்கதவின் வார்னிஷும், இரும்புக் கிராதியின் பெயிண்டும், எண்ணெய் வண்ண ஓவியத்தின் மேற்பரப்பும் இதே வகையைச் சேர்ந்தவைதான். சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரை தடிமன் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் குறுக்களவு சுமாராக 50 முதல் 100 மைக்ரான். இவ்வளவு மெல்லிய படலம் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மெருகு போடும் ஆசாரி நகத்தால் அழுத்திப் பார்த்துச் சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியாகவே சொல்வார். ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம் என்று அவர் நகத்தைக் கேட்க முடியாது.

ஆய்வகத்திலும் இது எளிதல்ல. இழுத்துப் பார்க்கலாம் என்றால் படலத்தை உரித்தெடுக்க வேண்டும். உரித்தால் கிழியும், சுருளும். கூர்முனையால் அழுத்திப் பார்க்கலாம் என்றால், கொஞ்சம் ஆழமாகப் போனதும் அடியிலிருக்கும் மரமோ உலோகமோ குறுக்கிடும். படலத்தின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முனை இறங்கக் கூடாது என்பது நடைமுறை விதி. ஒரு மைக்ரான் படலத்தில் அது வெறும் 100 நானோமீட்டர். அதற்கும் கருவிகள் உண்டு. ஆனால் பூச்சு இன்னும் ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் முனையில் ஒட்டிக்கொள்ளும். எந்தக் கட்டத்தில் பூச்சு வேகமாக மாறுகிறதோ, அந்தக் கட்டத்திலேயே கருவி கைவிடுகிறது. குவார்ட்ஸ் படிகம் உதவிக்கு வருவது இங்கேதான்: படலத்தைத் தொடாமல், உரிக்காமல், அது இறுக இறுகத் தொடர்ந்து அளக்கலாம்.

குவார்ட்ஸுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அழுத்தினால் அதன் பக்கங்களில் மின்னூட்டம் தோன்றும். 1880இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் இதைக் கண்டறிந்தார்கள். மறுதலையும் உண்மை: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் உருக்குலையும். மின்னழுத்தத்தை முன்னும் பின்னுமாக மாற்றினால் படிகமும் முன்னும் பின்னும் அசையும். கைக்கடிகாரத்தில் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரத்தைக் காக்கும் படிகமும் இதே குணத்தால்தான் ஓடுகிறது.

அளவைக்குப் பயன்படுவது வட்டமான ஒரு மெல்லிய வில்லை. படிகத்தின் அச்சுக்குச் சுமார் 35 பாகை சாய்வாக வெட்டியது. 1930களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்த இந்த வெட்டுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: அறை வெப்பநிலையை ஒட்டி, வெப்பம் சற்று ஏறி இறங்கினாலும் அதிர்வெண் ஏறக்குறைய மாறாது. சித்திரை வெயிலில் காரைக்குடியில் வேலை செய்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். வில்லையின் இரு முகங்களிலும் தங்கத்தால் மின்முனை பூசியிருப்பார்கள். மின்னழுத்தம் கொடுத்ததும் வில்லை உப்புவதில்லை, வளைவதில்லை. மேல் முகம் ஒரு பக்கமும் கீழ் முகம் எதிர்ப் பக்கமும் சறுக்குகின்றன. சில நானோமீட்டர் தூரம் மட்டும். மிகவும் புழங்கும் வில்லை 0.33 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. அது நொடிக்கு 50 லட்சம் முறை, அதாவது 5 மெகாஹெர்ட்ஸில் அதிரும். அதே வில்லையை 15, 25, 35 மெகாஹெர்ட்ஸிலும் அதிரச் செய்யலாம். இவை மூன்றாம், ஐந்தாம், ஏழாம் மேற்சுரங்கள். இந்த மேற்சுரங்களை மறந்துவிட வேண்டாம். பின்னால் எல்லாமே இவற்றை நம்பித்தான் நடக்கப் போகிறது.

வில்லையின்மேல் எதையாவது பூசினால் அதன் அதிர்வெண் குறையும். 1959இல் ஜெர்மனியின் கியுன்டர் சவர்பிரே இந்தக் குறைவு, பூசிய பொருளின் நிறைக்கு நேர்விகிதத்தில் இருப்பதைக் காட்டினார். 5 மெகாஹெர்ட்ஸ் வில்லையில் ஒரு ஹெர்ட்ஸ் குறைந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம் ஏறியிருக்கிறது என்று பொருள். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. தண்ணீரின் அடர்த்தி கொண்ட ஒரு பாலிமரை ஒரு மைக்ரான் தடிமனுக்குப் பூசினால் அதிர்வெண் சுமார் 5,650 ஹெர்ட்ஸ் குறையும். வெற்றிடக் கலத்தில் உலோகத்தை ஆவியாக்கிப் பூசுகிறவர்கள், எத்தனை நானோமீட்டர் படிந்திருக்கிறது என்பதை இப்படித்தான் பார்த்துக்கொண்டே பூசுகிறார்கள். குவார்ட்ஸ் நுண் தராசு என்று இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

தராசு என்ற பெயர் வந்ததால், பலர் அதைத் தராசாகவே வைத்துக்கொண்டார்கள். படலம் மென்மையாகவோ தடிமனாகவோ இருந்து சவர்பிரே கணக்குப் பிசகினால், அந்த அளவீட்டை ஒதுக்கிவிடுவார்கள். விறைப்பைத் தேடுகிற நமக்கு அந்தப் பிசகுதான் சரக்கு.

ஆடி மாதம் செட்டிநாட்டு வீட்டில் செய்யும் கும்மாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உளுந்தும் வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிண்டி, தட்டில் கொட்டிய மென்மையான இனிப்பு. தட்டைப் பக்கவாட்டில் விரைவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அடியில் மெல்லியதாக ஒட்டியிருக்கும் பகுதி தட்டோடு தட்டாகப் போகும். அதைப் பொறுத்தவரை தட்டு அந்த அளவு கனமாகிவிட்டது, அவ்வளவுதான். ஒரு விரற்கடைத் தடிமனுக்கு இருக்கும் பகுதியோ குலுங்கும். அதன் மேற்பரப்பு தட்டைவிடக் கூடுதலாக ஆடும், சற்றுப் பிந்தியும் ஆடும். கூடுதலாக ஆடுவதால், தட்டை அசைக்கும் கைக்கு அது உள்ளதைவிடக் கனமாகத் தோன்றும். பிந்தி ஆடுவதால், அதற்குள்ளேயே உராய்ந்து ஆற்றல் வீணாகும். அசைப்பதை நிறுத்தினால் ஆட்டம் சீக்கிரம் அடங்கிவிடும். அதே தட்டில் இறுகிய கடலைப் பாகு இருந்தால் இந்த இரண்டுமே நடக்காது.

குவார்ட்ஸ் வில்லைதான் தட்டு, பாலிமர் படலம்தான் கும்மாயம். ஆகவே அளக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அதிர்வெண் எவ்வளவு குறைந்தது. இரண்டாவது, அதிர்வின் ஆற்றல் எவ்வளவு வீணாகிறது. இரண்டாவதை அளக்க இரு வழிகள் உண்டு. மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்திவிட்டு அதிர்வு எவ்வளவு நேரத்தில் தணிகிறது என்று பார்ப்பது ஒன்று. 1990களின் நடுவில் சுவீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த முறை இது. அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போய், வில்லை எந்த இடத்தில் எவ்வளவு விருப்பத்தோடு அதிர்கிறது என்று வரைபடம் போடுவது மற்றொன்று. வரைபடத்தில் ஒரு முகடு வரும். முகட்டின் உச்சி இருக்கும் இடம் ஒத்ததிர்வு அதிர்வெண். முகடு ஊசிபோல் குறுகலாக இருந்தால் இழப்பு குறைவு. அகன்று சரிந்திருந்தால் இழப்பு அதிகம். முகட்டின் பாதி உயரத்தில் அகலத்தை அளந்து, அதில் பாதியைப் பட்டை அகலம் என்று குறித்துக்கொள்வார்கள்.

படலத்தைப் பற்றித் தெரிய வேண்டியவையும் சிலதான். ஒன்று, சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு நிறை. அடுத்தது விறைப்புக் குணகம்: பக்கவாட்டில் தள்ளினால் படலம் எவ்வளவு எதிர்க்கிறது என்பது. மூன்றாவது கட்டக் கோணம். தள்ளியதும் தள்ளியபடி உடனே திரும்பும் எஃகு போன்ற பொருளுக்கு இது பூஜ்ஜியத்தை ஒட்டியிருக்கும். தேன்போல வழிந்து ஓடும் திரவத்துக்கு 90 பாகை. பாலிமர்கள் இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும். பாதி திடம், பாதி திரவம் என்று வாழ்வதுதான் அவற்றின் இயல்பு.

தெரியாதவை மூன்று. ஒரே மேற்சுரத்தில் அளந்தால் கிடைப்பவை இரண்டே எண்கள். ஒரு சமன்பாடு குறைகிறது. அதனால்தான் இரண்டு மேற்சுரங்கள் வேண்டும். வழக்கமாக மூன்றாவதையும் ஐந்தாவதையும் எடுப்பார்கள்: இரண்டிலும் அதிர்வெண் இறக்கம், ஒன்றில் பட்டை அகலம். மூன்று எண்கள், மூன்று தெரியாதவை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஷல் குழுவினரும், ஜெர்மனியின் கிளவ்ஸ்தால் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டீத்தல்ம் யோஹான்ஸ்மானும் இந்தக் கணக்கை நன்றாக வளர்த்திருக்கிறார்கள்.

மேற்சுரங்களை ஒப்பிடுவதால் என்ன கிடைக்கிறது என்பதைக் கொஞ்சம் எண்களோடு பார்க்கலாம். படலத்துக்குள் செல்லும் சறுக்கு அலைக்கு ஓர் அலைநீளம் உண்டு. படலத்தின் தடிமன் அந்த அலைநீளத்தில் எத்தனை பங்கு என்பதே இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆற்றல் இழப்பே இல்லாத ஒரு படலத்தை எடுத்துக்கொள்வோம். தடிமன் அலைநீளத்தில் நூற்றில் ஒரு பங்காக இருந்தால் சவர்பிரே கணக்கு அப்படியே செல்லும். நூற்றில் ஆறு பங்கு இருந்தால் அதிர்வெண், கணக்கைவிட 5 சதவீதம் கூடுதலாக இறங்கும். பத்து பங்கு இருந்தால் 16 சதவீதம் கூடும். இப்போது 15 மெகாஹெர்ட்ஸில் ஆறு பங்காக இருக்கும் அதே படலம், 25 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுருங்குவதால் பத்து பங்காகிவிடும். நிறை ஒன்றுதான், தடிமன் ஒன்றுதான். ஆனால் ஒரு மேற்சுரம் 5 சதவீதம் என்கிறது, மற்றொன்று 16 என்கிறது. நிறையைப் பற்றி முன்கூட்டியே எதுவும் தெரியாவிட்டாலும், இரண்டு மேற்சுரங்களுக்கும் இடையிலான இந்த முரண்பாட்டிலிருந்தே அலைநீளத்தைக் கறந்துவிடலாம். படலம் விறைப்பாக இருந்தால் அலைநீளம் நீளும், மென்மையாக இருந்தால் சுருங்கும். ஆகவே அலைநீளம் தெரிந்தால் விறைப்பு தெரிந்துவிடும். மேற்சுரங்கள் எல்லாம் ஒரே பதிலைச் சொன்னால், உங்கள் கையில் இருப்பது வெறும் தராசுதான்.

தடிமன் கூடிக்கொண்டே போய் அலைநீளத்தில் கால் பங்கை எட்டினால் விபரீதம் நடக்கும். படலமே தனியாக ஒத்ததிர்வு கொள்ளத் தொடங்கும். அதன் மேற்பரப்பு வில்லைக்கு நேரெதிராக ஆட ஆரம்பிக்கும். அந்த எல்லையைத் தாண்டினால், நிறையை ஏற்றியும் அதிர்வெண் கூடியதாகக் கருவி காட்டும்! புதிதாக வருகிறவர்கள் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துச் சொருகிகளைப் பிடுங்கி மாட்டுவது இந்தக் கட்டத்தில்தான். கருவியில் குற்றமில்லை, பூச்சு தடித்துவிட்டது. கால் பங்கை நெருங்கும்போது முகடும் அகன்று, கடைசியில் இரைச்சலோடு கலந்து காணாமல் போகும்.

ஆகவே நல்ல அளவீடு கிடைக்கும் எல்லை குறுகியது. சுமாராக, தடிமன் அலைநீளத்தில் நூற்றில் 5 முதல் 20 பங்குக்குள் இருக்க வேண்டும். 15 மெகாஹெர்ட்ஸில் பாலிஸ்டைரீன் போன்ற கண்ணாடித்தன்மை கொண்ட கடினமான பாலிமருக்கு அலைநீளம் ஏறக்குறைய 70 மைக்ரான். அதற்கு 4 முதல் 14 மைக்ரான் வரை பூசலாம். விறைப்புக் குணகம் அதில் நூற்றில் ஒரு பங்கே உள்ள ரப்பர் வகைக்கு அலைநீளமும் பத்தில் ஒரு பங்காகி, 7 மைக்ரானை ஒட்டி வந்துவிடும். அரை மைக்ரானிலிருந்து ஒன்றேகால் மைக்ரான் வரை பூசினால் போதும். பொருளின் விறைப்பு ஓரளவு தெரிந்தால்தான் சரியான தடிமனில் பூச முடியும். சரியான தடிமனில் பூசினால்தான் விறைப்பு தெரியும். நடைமுறையில் இரண்டு மூன்று தடிமன்களில் பூசிப் பார்த்துத்தான் இந்தச் சிக்கலை அவிழ்க்கிறார்கள். ஆளி விதை எண்ணெய்போலத் திரவமாகத் தொடங்கித் திடமாக முடியும் பொருளில் இது இன்னும் கடினம். தொடக்கத்துக்கு ஏற்ற தடிமன் வேறு, முடிவுக்கு ஏற்ற தடிமன் வேறு.

இன்னொரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த முறையில் கிடைத்த எண்ணைப் பலர் தவறான இடத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். கருவி அளப்பது நொடிக்குக் கோடிக்கணக்கான முறை அசைக்கும்போது உள்ள விறைப்பை. ஆசாரியின் நகம் அளப்பது ஒரு விநாடி அழுத்தினால் உள்ள விறைப்பை. பாலிமருக்கு இவை இரண்டும் ஒன்றல்ல. மெதுவாக அழுத்தினால் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நெளிந்து இடம் கொடுக்கும். வேகமாக அசைத்தால் நெளிய நேரமில்லாமல் விறைத்து நிற்கும். கையில் ரப்பராகத் தெரியும் ஒரு பொருள் 15 மெகாஹெர்ட்ஸில் பல மடங்கு கடினமாகத் தெரியலாம். வேகத்தைக் கூட்டுவதும் பொருளைக் குளிர்விப்பதும் பாலிமரைப் பொறுத்தவரை ஒரே திசையில் வேலை செய்கின்றன. ஆகவே குவார்ட்ஸ் தரும் எண்ணை, அதே பொருளை இழுவை இயந்திரத்தில் வைத்துப் பெற்ற எண்ணோடு நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. அதே வில்லையில் நேற்று, இன்று, அடுத்த வாரம் என்று ஒப்பிடுங்கள். அங்கேதான் இந்த முறையின் பலம்.

பூச்சு இறுகுவதைப் பின்தொடர்வது அப்படியொரு வேலை. ஆளி விதை எண்ணெயில் குழைத்த ஓவிய வண்ணத்தை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் ஆவியாகி உலரும் சுண்ணாம்புப் பூச்சுபோல அது எடை குறைவதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டு தொடக்கத்தில் எடை கூடுகிறது! எடை கூடுவதையும் விறைப்பு கூடுவதையும் கட்டக் கோணம் குறைவதையும் ஒரே வில்லை, ஒரே நேரத்தில், தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிவிடும். மேலே சொன்ன ஷல் குழுவினர் இத்தகைய எண்ணெய் வண்ணங்களும், ஆல்கிட் என்ற செயற்கைப் பிசினில் குழைத்த வண்ணங்களும் இறுகுவதை இந்த முறையில் அளந்திருக்கிறார்கள். பழைய ஓவியங்களைத் துடைத்துச் சுத்தம் செய்யும்போது கரைப்பான் வண்ணத்தை எவ்வளவு இளக்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். பர்மா அரக்கைப் பற்றியும் இதே கேள்விகளைக் கேட்கலாம். நிலவறையின் ஈரத்தை ஒரு சிறு கலத்துக்குள் உண்டாக்கி, தித்சி பூசிய வில்லையை அதற்குள் வைத்தால் போதும். ஆனால் தித்சி தோலில் பட்டால் கடுமையான அரிப்பைத் தரும். கையுறை இல்லாமல் யாரும் தொட வேண்டாம்.

ஈரப்பதம் இன்னொரு பெரிய விஷயம். ஐப்பசி மழையில் கதவின் பூச்சு சற்றே பிசுபிசுக்கிறதென்றால், காற்றின் நீர் படலத்துக்குள் நுழைந்து சங்கிலிகளுக்கு நடுவே மசகுபோல இருக்கிறது என்று கொள்ளலாம். வில்லையைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தைப் படிப்படியாகக் கூட்டினால், எவ்வளவு நீர் ஏறியது, அதனால் எவ்வளவு விறைப்பு போனது என்று இரண்டு கணக்கும் வரும்.

மின்வேதியியலுக்கும் இந்த வில்லைக்கும் நெருங்கிய உறவு. தங்க மின்முனை ஏற்கெனவே வில்லையின் மேல் இருக்கிறதே! ஒரு முகத்தை மட்டும் கரைசலில் படவைத்து, அதையே மின்கலத்தின் முனையாகவும் பயன்படுத்திக்கொள்ளலாம். மின்சாரத்தால் பாலி அனிலீன் போன்ற மின்கடத்தும் பாலிமரை வளர்க்கும்போது எவ்வளவு படிகிறது, மின்னழுத்தம் மாறும்போது எந்த அயனி உள்ளே போகிறது என்றெல்லாம் பார்க்கலாம். ஊர்க்காரர்கள் சிக்ரி என்று அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருப்பதால், இங்கே வளரும் பிள்ளைகளுக்கு மின்பூச்சும் அரிமானமும் அந்நியச் சொற்கள் அல்ல. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. பாம்பன் கடற்காற்றில் நிற்கும் இரும்புக்கு எந்தப் பூச்சு தாங்கும் என்ற கேள்வி இந்தப் பக்கத்தில் புத்தகக் கேள்வி இல்லை.

ஆனால் கரைசலில் வைக்கும்போது கணக்கு மாறும். திரவமும் வில்லையோடு சேர்ந்து கொஞ்ச தூரம் இழுபடும். 5 மெகாஹெர்ட்ஸில் தண்ணீருக்குள் அந்தத் தூரம் சுமார் 250 நானோமீட்டர். ஒரு முகத்தில் தண்ணீர் பட்டாலே அதிர்வெண் 700 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் குறைந்துவிடும். 1985இல் கனசாவாவும் கார்டனும் இதற்குச் சூத்திரம் கொடுத்தார்கள். காற்றில் கற்றுக்கொண்ட பிறகு தண்ணீருக்குப் போவது நல்லது.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தைகள். வெற்று வில்லையின் எல்லா மேற்சுரங்களையும் முதலில் அளந்து எழுதி வையுங்கள். எல்லா இறக்கமும் அதிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது, பூசிய பிறகு அந்த எண்ணைத் திரும்பப் பெற முடியாது. வில்லையைத் தாங்கியில் இறுக்கும் விதம் மாறினாலும் அதிர்வெண் நகரும். ஆகவே எடுத்து மாட்டுவதைக் குறையுங்கள். படலம் சீராக இருக்க வேண்டும். பாலிமரைக் கரைப்பானில் கரைத்து, வில்லையின்மேல் சொட்டி, நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று வேகத்தில் சுழற்றினால் ஒரே தடிமனில் பரவும். ஓரத்தில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் படலம், மென்மையான படலத்தைப் போலவே முகட்டை அகலமாக்கிக் காட்டும். இரண்டையும் எண்களால் மட்டும் பிரித்தறிவது கடினம். அடர்த்தியையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இந்த முறையில் கிடைப்பது விறைப்புக் குணகத்தையும் அடர்த்தியையும் பெருக்கிய தொகைதான். பெரும்பாலான பாலிமர்களுக்கு அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராமை ஒட்டியே இருப்பதால் இதில் பெரிய தவறு வராது. மூன்றாம், ஐந்தாம் மேற்சுரங்களை வைத்துப் பதிலைக் கண்டபின், அந்தப் பதிலிலிருந்து ஏழாம் மேற்சுரம் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அளந்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் பெரும்பாலும் படலம் சீரில்லை, அல்லது தடித்துவிட்டது. வில்லையைக் கழுவி, கரைசலைச் சற்று நீர்க்கச் செய்து மறுபடியும் பூசுங்கள்.